நாற்பத்தேழாம் பக்கத்துக் கிமோனோக்கள்

1

துபாயில் என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களிடம் "புக் கம்பெனி" என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய்யில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகளையும் படக்கதைப் புத்தகங்களையும் வரவழைத்துக் கடைகளுக்கு அனுப்புகிற கம்பெனிதான். ஆனால் அதன் குடோனில் உட்கார்ந்து நான் என்ன செய்கிறேன் என்பதை என் மாமனாரிடம்கூட இதுவரை சொன்னதில்லை. இந்த மாதத்தோடு இங்கே வந்து பதினோரு வருடம் முடிகிறது. இனிச் சொன்னால் என்ன?

படங்களை அழிப்பது என் வேலை.

பெட்டியைப் பிரித்து, புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, இந்த நாட்டு வழக்கத்துக்கு ஆகாத படம் எங்கே இருக்கிறதோ அங்கே தடித்த கறுப்பு மார்க்கரால் பூச வேண்டும். பெண்ணுடம்பு கழுத்துக்குக் கீழேயும் முழங்காலுக்கு மேலேயும் தெரியக் கூடாது. முத்தம் கூடாது. ஒரு பூச்சுப் போதாது. காய்ந்த பிறகு பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் இருக்கிற கோடு மினுங்கும். அதனால் இரண்டாம் பூச்சு. மார்க்கர் வாடையில் மதியத்துக்குள் தலை கனத்துவிடும்.

எனக்கு இது புது வேலையும் இல்லை. சிவகாசியில் ஆப்செட் அச்சகம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் இதற்குப் பக்கத்து வேலைதான் பார்த்தேன். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் நெகட்டிவைப் போட்டு, தூசியால் விழுந்த ஓட்டைகளைத் தூரிகையால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் காலண்டரில் முருகன் கன்னத்தில் புள்ளி விழும். ஒரு தடவை விழுந்தேவிட்டது. முதலாளி அச்சகமே அதிரக் கத்தினார். சாயங்காலம் அவரே என்னைப் புரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு தப்பு காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் முடிந்துவிடும். இங்கே ஒரு தப்பு எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. பதினோரு வருடமாக நான் பயந்ததெல்லாம் அதற்குத்தான்.

அந்தப் பயத்தில் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

மூன்று வருடத்துக்கு முன்பு, நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, அமெரிக்காவிலிருந்து இருநூறு காப்பி வந்தது. ஒரே புத்தகம். இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முன் மாதாமாதம் வந்து பெயர் வாங்கிய சூப்பர் ஹீரோ தொடராம். இப்போது மொத்தமாகச் சேர்த்துக் கெட்டி அட்டையில் போட்டிருந்தார்கள்.

சூப்பர் ஹீரோ கதை என்றாலும் நடப்பதெல்லாம் ஜப்பானில். ஹீரோ அமெரிக்காக்காரன். முகத்தில் சாம்பல் நிற முகமூடி. கோபம் வந்தால் அவன் இரண்டு கையும் கல்லாகிவிடும். செத்துப்போன நண்பனின் தங்கையைத் தேடி ஜப்பானில் ஒரு துறைமுக ஊருக்கு வருகிறான். அவளை ஒரு ரவுடிக் கூட்டம் பிடித்து வைத்திருக்கிறது. ஓடுகிற ரயிலைக் கல் கையால் தடுத்து நிறுத்துகிறவன், அந்த ஊரில் ஒரு கிழவியிடம் வழி கேட்கத் தெரியாமல் ரோட்டில் நிற்பான். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஷூவைக் கழற்றச் சொல்வார்கள். ஆகவே பாதிச் சண்டையைக் காலுறையோடுதான் போடுவான். இருநூறு தடவை புரட்டியதால் கதை எனக்கு மனப்பாடம். இங்கே வந்த புதிதில் மருந்துக் கடையில் வயிற்றைத் தொட்டுக்காட்டி நின்ற எனக்கு அவனைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

சிக்கல் நாற்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது. ரவுடிகளைத் துரத்திக்கொண்டு ஹீரோ ஒரு வெந்நீர்க் குளியல் கூடத்துக்குள் புகுந்துவிடுகிறான். பெண்கள் பக்கம். பக்கம் முழுக்க ஒரே படம். நீராவிக்கு நடுவே எட்டுப் பெண்கள் அலறிக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள். ஒரு காப்பிக்கு எட்டு உருவம், இரண்டு பூச்சு. இருநூறு காப்பி. நோன்பு தொடங்கிவிட்டால் டூட்டி நேரம் குறையும். கடைகளோ பெருநாளுக்கு முன் வேண்டும் என்று நெருக்கின.

எங்கள் சூப்பர்வைசர் ரஃபீக் பாய், முல்தான்காரர், ஐம்பத்தாறு வயது. வியாழக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் என்னைப் பெட்டிகளுக்குப் பின்னால் கூப்பிட்டு இந்தியில் சொன்னார்:

"முர்கேஷ், நாற்பது காப்பி மிச்சம் இருக்கு. நாளைக்கு லீவுதானே? வீட்டுக்குக் கொண்டுபோய் முடிச்சிடு. சனிக்கிழமை காலையில இங்க இருக்கணும். மேல யாருக்கும் சொல்லாதே."

"பாய், வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு ரூல் இருக்கே?"

"இருக்கு. அதனாலதான் மெதுவாப் பேசறேன்."

நாற்பது காப்பியையும் இரண்டு கட்டாகக் கட்டி, கம்பெனி வேனில் காலுக்கடியில் வைத்துக்கொண்டு ஷார்ஜா முவைலாவிலிருக்கும் வீட்டுக்கு வந்தேன். வழி நெடுக, முன்னால் போன போலீஸ் வண்டி ஒவ்வொன்றும் எனக்காகவே போவதுபோல் இருந்தது.

3

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து பூசினேன். என் மகள் யாழினிக்கு அப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. பிறந்தது சாத்தூரில் என்றாலும் இரண்டு வயதுக் குழந்தையாக விட்டுவந்து, நான்கு வயதில் அழைத்துக்கொண்டது. அவளுக்கு எல்லாமே இங்கேதான். அவள் என் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஒரு காப்பியைப் படித்து முடித்தாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்த வசனங்களை அவள் அமெரிக்காக்காரி மாதிரி படித்தாள். ஹீரோவுக்கு "சாக்ஸ் அங்கிள்" என்று பெயரும் வைத்தாள்.

நாற்பத்தேழாம் பக்கம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா, இவங்கல்லாம் ஏன் பிளாக்கா இருக்காங்க?"

பத்து வயதுக் குழந்தையிடம் என்ன சொல்ல?

"டிரெஸ் போட்டிருக்காங்கம்மா."

"எல்லாருக்கும் பிளாக் டிரெஸ்ஸா? ஜப்பான்ல எல்லாரும் கிமோனோதானே போடுவாங்க? மத்த பேஜ்ல பூவெல்லாம் போட்டிருக்கு."

"இது கறுப்புக் கிமோனோ. பேசாம இரு, மை சிந்திரும்."

இரண்டு மணிக்கு நாற்பதும் முடிந்தது. மார்க்கர் வாடையோ, முந்தின நாள் பயமோ, உடம்பு அனலாகக் கொதித்தது. என் மனைவி செல்வி கொடுத்த ரசத்தைக் குடித்துவிட்டுப் படுத்தேன். அவள் பக்கத்து பிளாட்டில் பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போய்விட்டாள். நான் எழுந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. யாழினி புத்தகங்களை அழகாக அடுக்கி வைத்திருந்தாள். நல்ல பிள்ளை என்று தலையைத் தடவிவிட்டு, பிரித்துப் பார்க்காமல் கயிறு போட்டுக் கட்டினேன்.

சனிக்கிழமை அவை குடோனுக்குப் போயின. திங்கட்கிழமை கடைகளுக்கு.

4

நோன்பு பாதி கடந்திருந்தது. காலை பத்து மணி இருக்கும். ரஃபீக் பாய் என் மேசைக்கு வந்து ஒரு காப்பியைப் பிரித்து வைத்தார். உதடு வெடித்திருந்தது. நோன்பினால் மட்டுமில்லை என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

நாற்பத்தேழாம் பக்கம். நான் பூசிய கறுப்பின் மேல் தங்க நிறத்திலும் வெள்ளி நிறத்திலும் கோடுகள். ஒருத்தியின் கறுப்பில் மீன்கள். ஒருத்திக்குக் குடைகள். கை இருக்கும் இடத்தில் அகலமான கை மடிப்பு, இடுப்பில் பட்டை, முதுகில் முடிச்சு. எட்டுப் பேரும் கறுப்புக் கிமோனோ உடுத்தி நின்றார்கள்.

தங்கமும் வெள்ளியும் மையாக வரும் ஜெல் பேனாக்கள். யாழினி பிறந்தநாளுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

"ஒரு கடையில இன்ஸ்பெக்டர் பார்த்திருக்கார்," என்றார் ரஃபீக் பாய். "ரெண்டு காப்பி எடுத்தா ரெண்டுலயும் வேற வேற படம். இந்தப் படத்தை யார் போட்டது, எங்க வச்சுப் போட்டதுன்னு கேக்கறாங்க. இது உன் கட்டு. என்ன செஞ்சே முர்கேஷ்?"

"எனக்குத் தெரியாது பாய்."

வாயிலிருந்து அதுதான் வந்தது. அவர் என்னை நம்பவில்லை. பக்கத்தில் குனிந்து, கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"நாளை மறுநாள் அந்த இன்ஸ்பெக்டரோட ஆபீசுக்குப் போகணும். லேபர் கார்டு கொண்டு வா. நானும் வர்றேன். ஆனா வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னது நான்னு மட்டும் சொல்லிடாதே. இந்த வயசுல என்னை அனுப்பினா நான் எங்க போவேன்?"

சொல்லமாட்டேன் என்றேன். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது. கொண்டுபோகச் சொன்னது அவர் இல்லை என்றால், கம்பெனிப் பொருளை நானாக வெளியே எடுத்துப் போயிருக்கிறேன்.

எங்கள் பில்டிங்கில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். கையெழுத்துப் போட வா என்று கூப்பிட்டார்கள், போனான், அடுத்து அவன் ஊரிலிருந்துதான் போன் செய்தான், செருப்பு மட்டும் இங்கே கிடந்தது என்று. அது யாருக்கு நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் பெயர் தெரியாது. பெயர் தெரியாததால் அது என் கதையாகவே இருக்கலாம் என்று தோன்றும். என் விசா போனால் அதோடு செல்வி விசா, யாழினி விசா. பள்ளிக்கூடத்தில் பாதி வருடம். கபீல், அதாவது எங்களுக்கு விசா கொடுத்த முதலாளி, அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. பார்த்திராத ஒருவரிடம் போய் எப்படிக் கெஞ்சுவது?

அன்று வீட்டுக்கு வந்ததும் யாழினியைக் கூப்பிட்டேன்.

"அந்த ஜப்பான் புக்குல நீ ஏதாவது வரைஞ்சியாம்மா?"

அவள் முகம் மலர்ந்தது. "பார்த்துட்டீங்களா! பதினொரு புக்குதான் முடிச்சேன் அப்பா. அப்புறம் கோல்டு பென் தீர்ந்துடுச்சு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. அவங்களுக்குப் பிடிச்சுதா?"

அவள் வாயை என் கையால் பொத்தினேன். அடிக்கவில்லை. ஆனால் அடித்திருந்தால் அவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். ஜன்னலைச் சாத்தினேன். செல்வி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏங்க, பிள்ளைய என்ன பண்றீங்க?"

நடந்ததைச் சொன்னேன். செல்வி அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "வீட்டுல அந்தப் புக்கு ஏதும் இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. அட்டை மடங்கிய ஒரு காப்பியை யாழினி ஆசைப்பட்டாள் என்று வைத்திருந்தேன். அதைக் கிழித்தோம். தாள் கெட்டி. கிழித்ததைக் குப்பையில் போட்டால் யாராவது ஒட்டவைத்துப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்து ஊறப்போட்டேன். பளபளப்புத் தாள் கரைவேனா என்றது. ஒரு மணி நேரம் கழித்தும் சாம்பல் முகமூடியும், கல் கையும், காலுறை போட்ட காலும் தனித்தனியாக மிதந்தன. நானும் செல்வியும் வாளிக்கு இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்து, துணி கசக்குவதுபோல் அவற்றைக் கசக்கிக் கூழாக்கினோம். யாழினி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"அப்பா, போலீஸ் என்னைப் பிடிச்சுட்டுப் போவாங்களா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு நொடி யோசித்தேன். பள்ளியில் பெருமையாக யாரிடமாவது சொல்லிவிட்டால்? பயந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாள்.

"யார் கேட்டாலும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லு," என்றேன். அவள் கேட்டதற்கு அது பதிலில்லை என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

5

அந்த அலுவலகத்தில் குளிர்சாதனம் அளவுக்கு மீறி ஓடிக்கொண்டிருந்தது. ரஃபீக் பாயை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே அழைத்தார்கள்.

அதிகாரி வயதானவர். வெள்ளைக் கந்தூரா அங்கி, தடித்த கண்ணாடி. மேசையில் கடைகளிலிருந்து திரும்ப எடுத்த ஏழு காப்பிகள், எல்லாமே நாற்பத்தேழாம் பக்கத்தில் பிரித்து, சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாக இருந்தன. அவர் என்னோடு இந்தியில் பேசினார். என் இந்தியைவிட நல்ல இந்தி.

"நீதான் மார்க்கர் போடறவனா?"

"ஆமா சார்."

"தங்கக் கலர்ல படம் போட்டது யார்?"

"நான்தான் சார்."

அதை மட்டும்தான் வேனில் வரும்போது முடிவு செய்து வைத்திருந்தேன்.

"எங்க வச்சுப் போட்டே?"

"வீட்டுல சார்."

"கொண்டுபோகச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லல. நானேதான் எடுத்துட்டுப் போனேன்."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். அரபியில், வலமிருந்து இடமாக, என்னைப் பற்றி என்ன எழுதுகிறார் என்று தெரியாமல் அந்தப் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்த பயத்தை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை. பிறகு ஒரு காப்பியை என் பக்கம் தள்ளினார். ஒரு பெண்ணின் கிமோனோவின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"அப்ரா சார்." துபாய் தேராவில் கால்வாயைக் கடக்கும் படகு. யாழினியை அதில் நிறையத் தடவை கூட்டிப் போயிருக்கிறேன்.

"இது?"

"பேரீச்சை மரம்."

"இது?"

அடி பருத்து, கழுத்துச் சிறுத்து, வளைந்த மூக்கோடு ஏதோ ஒன்று.

"பறவை சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பறவையா? இது தல்லா. நாங்க காபி ஊத்தற பாத்திரம். ரவுண்டபவுட்டுல பெரிசாக் கட்டி வச்சிருக்கே, பார்த்ததில்லையா? நீ போட்டதுதானே இது?"

அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஒரு மீன் போடு."

பன்னிரண்டு வருடம் தூரிகை பிடித்த கைதான். ஆனால் அந்தக் கைக்கு அடைக்க மட்டும்தான் தெரியும், வரையத் தெரியாது. நான் போட்டது கிழிந்த செருப்பு மாதிரி இருந்தது. அவர் அதைத் திருப்பி வைத்துப் பார்த்தார். பக்கத்தில் யாழினியின் மீன் வளைந்து நீந்திக்கொண்டிருந்தது.

அப்போது முதல் தடவையாக அந்த ஏழு பக்கங்களையும் நான் நின்று நிதானமாகப் பார்த்தேன். ஐம்பத்தாறு பெண்கள். ஒருத்தியின் உடையில்கூட தென்னை மரமோ, கோபுரமோ, நான் சொல்லிச் சொல்லி வளர்த்த எதுவுமோ இல்லை. பாய்மரக் கப்பல், ஒட்டகம், பால்கனி ஏசி, பள்ளிப் பேருந்து. ஜப்பான்காரிகளுக்கு அவள் தன் ஊரை உடுத்தியிருந்தாள். அவள் ஊர் இது என்று எனக்கு அங்கேதான், அந்த மேசைக்கு முன்னால்தான் தெரிந்தது. இந்த ஊரிலிருந்து அவளைக் கிளப்பிவிடுவார்கள் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

"குழந்தை இருக்கா?"

நான் யாழினியின் மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்கறேன், குழந்தை இருக்கா?"

"பொண்ணு சார். பத்து வயசு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் தூங்கிட்டேன். தப்பு என்னோடது. என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க, அவளைக் கூப்பிட்டுக் கேக்காதீங்க."

எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியாது. நின்றுகொண்டிருந்தேன். அவர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். தான் எழுதிய தாளைத் திருப்பி என் பக்கம் வைத்து, கீழே விரலால் தட்டினார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பிறகு அவர் ஒரு காப்பியைக் கையில் எடுத்து, பாதி எனக்கும் பாதி தனக்குமாக, அரபியில் இரண்டு சொல் சொன்னார். கதவை நோக்கிக் கையை அசைத்தார். போகலாம்.

எனக்குத் தெரிந்த அரபி மொத்தம் பதினைந்து சொல் இருக்கும். யல்லா, மாஃபி, கலாஸ். அவர் சொன்னதில் முதல் சொல் எனக்கு "கலாஸ்" என்று கேட்டது. முடிந்தது, இத்தோடு நிறுத்து. அடுத்த சொல் "ரசம்" மாதிரி ஏதோ. படம் வரைவதற்கு அரபியில் "ரஸ்ம்" என்று குடோனில் கேட்டிருக்கிறேன். வரைவது இத்தோடு நிறுத்தம். அப்படித்தான் புரிந்துகொண்டேன். தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று தெரிய எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

வெளியே ரஃபீக் பாய் தாளின் நகலை வாங்கிப் படித்தார். இருபத்திரண்டு வருடமாக இங்கே இருப்பவர், அரபி நன்றாகத் தெரியும். படித்து முடித்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இனிமே புத்தகம் குடோனைவிட்டு வெளிய போகாதுன்னு எழுதி வாங்கியிருக்கார். அவ்வளவுதான் முர்கேஷ். கலாஸ்."

அதிகாரி சொன்ன அந்த இரண்டு சொல்லை அவரிடம் கேட்டிருக்கலாம். புரிந்ததாக நினைத்ததை யாரும் கேட்பதில்லையே.

6

வீட்டுக்கு வந்தபோது யாழினி பள்ளிச் சீருடையை மாற்றாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தாள். விசா போகாது, யாரும் ஊருக்குப் போக வேண்டியதில்லை என்று செல்வியிடம் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு யாழினியிடம் சொன்னேன்:

"இனிமே நீ படம் வரையக் கூடாதுன்னு ஆபீசர் சொல்லிட்டார்."

"எதுவுமேவா?"

"எதுவுமே."

ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அவள் பேனாக்கள், கலர் பென்சில்கள், மூன்று வரைபட நோட்டுகள் எல்லாவற்றையும் போட்டேன். அவள் தடுக்கவில்லை. பையை முடிச்சுப் போடப் போனபோது ஓடிப்போய்த் தன் பள்ளிப் பையைத் துழாவி ஒரு வெள்ளிப் பேனாவை எடுத்து வந்தாள்.

"இது ஒண்ணு இருக்கு அப்பா."

அதையும் வாங்கிப் போட்டேன். கீழே பெரிய குப்பைத் தொட்டியில் பையை எறிந்துவிட்டு மேலே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

அவள் அதற்குப் பிறகு வரையவில்லை. பள்ளியில் படம் வரையும் வகுப்பில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவாளாம். அறிவியல் நோட்டில் இதயத்தை வரைய வேண்டிய இடத்தில் எங்கிருந்தோ வெட்டிய படத்தை ஒட்டியிருப்பாள். டீச்சர் ஒரு தடவை என்னிடம், "ரொம்ப நீட், ஆனா சொந்தமா எதுவும் செய்யமாட்டேங்கறா," என்றார். நல்ல பிள்ளை, பேச்சைக் கேட்கிறாள் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் அவளுக்கு அரபிப் பரீட்சை. எட்டாம் வகுப்பு. நான் டூட்டி முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் பாடத்தைச் சத்தம்போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாக்கியத்தில் என் கை நின்றது.

"அது என்னம்மா, தர்ஸும்?"

"தர்ஸும்னா 'வரைகிறாள்' அப்பா. அல் பிந்த் தர்ஸும். அந்தப் பெண் வரைகிறாள்."

"கலாஸ் தர்ஸும்னா?"

"அப்படி வராதே. வேற ஏதாவது சொல்லியிருப்பாங்க. கல்லிஹாவா இருக்கும். கல்லிஹா தர்ஸும்."

அவள் சொன்னதும் அந்தக் குளிர்ந்த அறையில் கேட்ட குரல் அப்படியே என் காதில் விழுந்தது. அதேதான்.

"கல்லிஹான்னா என்ன?"

"புக்ல இல்ல, பேச்சுல சொல்றது. எங்க பஸ் டிரைவர் எப்பவும் சொல்வாரு. கல்லி, கல்லின்னு. 'விடு'ன்னு அர்த்தம். கல்லிஹா தர்ஸும்னா 'விடு, அவ வரையட்டும்'."

ஒரு ஷூவோடு நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செல்வி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் யாழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பறவை என்று சொல்லி மாட்டிக்கொண்டது, மீன் வரைந்தது, அந்தப் பெரியவர் கடைசியாகச் சொன்னது, அது என் காதில் தப்பாக விழுந்தது. அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும், "அப்ப அவங்க என்னைத் தேடல?" என்றாள்.

"இல்லம்மா. யாரும் தேடல. ஒரு நாளும் தேடல."

"நான் தேடறாங்கன்னு நினைச்சுட்டிருந்தேன். கிளாசுக்கு பியூன் வந்து யார் பேரையாவது கூப்பிட்டா என்னைத்தான்னு நினைப்பேன். ஃபிப்த், சிக்ஸ்த் ரெண்டு வருஷமும். பஸ்ல ஜன்னல் பக்கம் உக்காரமாட்டேன். போலீஸ் கார் பக்கத்துல வந்தா ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சுக்குவேன்."

இது எதுவும் எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டு, அவள் இரண்டு வருடம் பயந்திருக்கிறாள். நான் பயந்தது இரண்டு நாள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

அவள் செல்வியைப் பார்த்தாள். பிறகு, எனக்கு வலிக்கக் கூடாது என்பதுபோலச் சின்னக் குரலில் சொன்னாள்:

"சொன்னா நீங்க பயந்துருவீங்கப்பா."